ஏடும் வன்தட்டும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)





சைவ இளைஞர் கூடியிருக்கும் இந்த அவையிலே பெரியபுராணத்தைப் பற்றியோ திருக்கோணேச்சரத்தின் பெருமையைப் பற்றியோ பேசாமல், கணினியின் வன்தட்டுகளை மென்பொருளால் இணைத்து வைப்பது பற்றிப் பேசப் போகிறானே இவன் என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது நியாயமே. ஆயினும் சற்றுப் பொறுமையோடு கேட்பீர்களானால், நான் பேச வந்தது புதிய விஷயமன்று, நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளாகக் கவலைப்பட்ட பழைய விஷயமே என்பது விளங்கும். அது அழியாமற் காத்தல் என்னும் விஷயம்.

தேவாரத்தின் கதை உங்களுக்குத் தெரியாததன்று. மூவர் பாடிய பதிகங்களைத் தேடி இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லைக்குச் சென்றார்கள். பூட்டிய அறையைத் திறந்து பார்த்தபோது ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. கரையான் அரித்தவை போக எஞ்சியவையே நமக்குக் கிடைத்தன என்பது மரபு. ஏடுகளை அங்கே வைத்தவர்கள் அலட்சியக்காரர் அல்லர். பூட்டி வைத்தார்கள், காவலும் வைத்தார்கள். ஆனால் எல்லாம் ஓர் அறைக்குள் இருந்தது. பூட்டு கள்வனைத் தடுக்கும், கரையானைத் தடுக்குமா?

இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. சம்பந்தப் பெருமான் திருவிடைவாய்க்குப் பாடிய பதிகம் ஏடுகளில் எங்கும் காணப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, அந்த ஊர்க் கோயிலின் கல்லிலே வெட்டப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஓலையில் அழிந்தது கல்லில் நின்றது. யாரோ ஒரு புண்ணியவான் வேறோர் இடத்தில், வேறொரு பொருளில், ஒரு பிரதி எடுத்து வைத்தான். அதனால் இன்று நாம் அதை ஓதுகிறோம்.

இந்த இரண்டு கதைகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சு முழுவதும் இவற்றுக்குள் அடங்கிவிடும்.

நமது மன்றத்தின் வாசிகசாலையிலே இன்று என்ன இருக்கிறது? பழைய ஆண்டு மலர்களின் ஒளிப்படப் பிரதிகள், கோயில் விழாக்களின் படங்கள், முதியோர்களின் குரற்பதிவுகள். இவையெல்லாம் இப்பொழுது ஓலையிலும் இல்லை, தாளிலும் இல்லை, வன்தட்டிலே இருக்கின்றன. வன்தட்டு என்பது என்ன? காந்தப்பூச்சுப் பூசிய வட்டங்கள், சாதாரணமாக நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, அவற்றின் மேல் மயிரிழையினும் மிகக் குறைந்த உயரத்தில் ஒரு முனை மிதந்து எழுதியும் வாசித்தும் வருகின்ற பொறி. சுழல்கின்ற பொருள் எதுவும் ஒருநாள் நிற்கும். ஓலைச்சுவடி நூறு இருநூறு ஆண்டு தாங்கியது. இந்தப் பொறியை ஐந்தாறு ஆண்டுக்கு மேல் நம்புவது அறிவுடைமையாகாது. அழிவதற்கு முன் அது சொல்லிக்கொண்டு போகும் என்பதும் நிச்சயமில்லை.

இதற்கு ஒரு பரிகாரத்தை 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், ரண்டி காற்ஸ் என்னும் மூவர் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். அக்காலத்தில் பெரிய நிறுவனங்கள் விலை மிகுந்த பெரிய வன்தட்டு ஒன்றை வாங்கி அதையே நம்பியிருந்தன. இவர்களோ, மலிவான சிறிய வன்தட்டுகள் பலவற்றை ஓர் அணியாகச் சேர்த்து, ஒன்று விழுந்தாலும் மற்றவை அதன் பணியைத் தாங்குமாறு செய்யலாம் என்றார்கள். அந்த அணிக்கு ‘றெயிட்’ என்று பெயர். அதில் பல வகைகள் உண்டு. நமக்கு வேண்டியவை இரண்டே.

முதலாவது, கண்ணாடி முறை. இரண்டு வன்தட்டுகள்; ஒன்றில் எழுதுவது அதே கணத்தில் மற்றதிலும் எழுதப்படும். நான்கு டெராபைட் வன்தட்டுகள் இரண்டை வாங்கினால் எட்டு கிடைக்காது, நான்கே கிடைக்கும். மற்ற நான்கு காப்புக்கான விலை.

இரண்டாவது, கணக்கு முறை. முதல் தட்டில் 7 என்றும் இரண்டாவதில் 5 என்றும் எழுதினீர்கள். மூன்றாவதில் அவற்றின் கூட்டுத்தொகை 12 என்று எழுதுங்கள். இரண்டாவது தட்டு அழிந்துவிட்டது. கவலையில்லை; 12இலிருந்து 7ஐக் கழித்தால் 5 வந்துவிடும். உண்மையில் கணினி கூட்டுவதில்லை. ஒற்றையா இரட்டையா என்று பார்க்கும் அதைவிட எளிய கணக்கைச் செய்கிறது. தத்துவம் ஒன்றே. இதனால் நான்கு டெராபைட் தட்டுகள் மூன்றிலே எட்டு டெராபைட் இடம் கிடைக்கும். எந்த ஒரு தட்டும் போகலாம். ஆனால் இரண்டு போனால் எல்லாம் போயிற்று.

இந்த இணைப்பைச் செய்வதற்கெனத் தனி அட்டைகள் விற்பனைக்கு உண்டு. நாங்கள் அதை வாங்கவில்லை. காரணம் சிக்கனம் மட்டுமன்று. சில அட்டைகள் தமக்கே உரிய முறையில் வன்தட்டில் எழுதும். அட்டை பழுதானால் அதே வகை அட்டை வேண்டும்; அது கொழும்பிலும் கிடைக்காமற் போகலாம். நாங்கள் செய்ததோ லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்திலே ஏற்கெனவே உள்ள மென்பொருளால் செய்த இணைப்பு. அதை ஆளுகின்ற கருவிக்கு ‘எம்டி அட்ம்’ என்று பெயர். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த நீல் பிரவுண் என்பார் எழுதியது. இந்த அணியைப் பற்றிய விவரம் வன்தட்டுகளிலேயே எழுதப்பட்டிருக்கும். கணினி முழுவதும் எரிந்துபோனாலும், தட்டுகள் தப்பினால், லினக்ஸ் உள்ள வேறெந்தக் கணினியில் பொருத்தினாலும் அவை ஒன்றையொன்று அடையாளங்கண்டு மீண்டும் அணியாகும்.

செய்த முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேறு மன்றத்தார் செய்ய விரும்பினால் உதவும்.

ஓர் அலுவலகம் கழித்த பழைய கணினி ஒன்றை எடுத்தோம். இயங்குதளத்தைச் சிறிய தட்டு ஒன்றில் வைத்தோம். நான்கு டெராபைட் தட்டுகள் இரண்டை வெவ்வேறு கடைகளில் வெவ்வேறு மாதங்களில் வாங்கினோம். ஒரே நாளில் ஒரே தொகுதியில் செய்யப்பட்டவை ஒரே குறையோடு பிறந்து ஒரே காலத்தில் சாகவும் கூடும். தட்டின் தொடர் இலக்கத்தைக் காகிதத்தில் எழுதி அதன் முகத்தில் ஒட்டினோம். இது அற்ப காரியம் போலத் தோன்றும். தட்டு ஒன்று கெட்ட நாளிலே, கெட்டதை விட்டு நல்லதைக் கழற்றி வீசியவர்கள் உலகில் பலர்.

பிறகு அணியை உருவாக்கும் கட்டளையை இட்டோம். இந்தத் தட்டுகளில் முன்பிருந்த யாவும் அழியும், சம்மதமா என்று கருவி கேட்கும். அந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லலாகாது. சம்மதம் என்றதும் ஒரு தட்டை மற்றதற்குச் சமமாக்கும் வேலை தொடங்கும். வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் நான்கு டெராபைட்டுக்கு ஏறக்குறைய ஏழரை மணி நேரம் ஆகும். மின்சாரம் இடையில் நின்றால் என்செய்வது? 2022ஆம் ஆண்டிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை இருளில் இருந்தவர்கள் நாம். ஆகையால் யூ.பி.எஸ். ஒன்றையும் பொருத்தினோம். எழுதிக்கொண்டிருந்த பகுதிகளைக் குறித்துவைக்கும் வசதியும் மென்பொருளில் உண்டு. அதை அமைத்துவிட்டால், திடீரென்று மின்சாரம் போனாலும் அடுத்த முறை முழுவதையும் ஒப்பிடாமல் அந்தப் பகுதிகளை மட்டும் ஒப்பிடும்.

அணி நலமாக இருக்கிறதா என்று எப்போதும் கேட்கலாம். நலமென்றால் ஆங்கில ‘யூ’ எழுத்து இரண்டு தோன்றும். ஒன்று விழுந்தால் ஓர் எழுத்தின் இடத்தில் கீழ்க்கோடு தோன்றும். ஆனால் யார் தினமும் போய்ப் பார்ப்பார்? ஒரு தட்டு செத்தும் மன்றம் வழமைபோல நடக்கும், படங்கள் திறக்கும், பாட்டுக் கேட்கும், ஒருவருக்கும் தெரியாது. அடுத்த தட்டும் போன நாளிலேதான் தெரியும். ஆதலால் தட்டு விழுந்தால் எங்களுக்கு மின்னஞ்சல் வருமாறு அமைத்தோம். மாதம் ஒரு முறை இரண்டையும் முழுமையாக ஒப்பிடவும் ஏற்பாடு செய்தோம். மேலதிகமாக ஒரு தட்டை வாங்கி அலுமாரியில் வைத்தோம். நான் மிஷன் பாடசாலையில் பயின்ற நாளிலே பத்துக் கன்னிகைகளின் உவமையைப் படிப்பித்தார்கள். விளக்கு எல்லாரிடமும் இருந்தது. மேலதிக எண்ணெய் ஐந்து பேரிடமே இருந்தது. மணவாளன் நள்ளிரவில் வந்தபோது கடைக்குப் போக நேரமில்லை. தட்டு கெடுவதும் அப்படியே, கடை பூட்டிய வேளையில்தான் கெடும்.

இவ்வளவும் செய்த பின்பு, நாங்களே ஒருநாள் வேண்டுமென்று ஒரு தட்டின் கம்பியைக் கழற்றினோம். படம் ஓடிக்கொண்டே இருந்தது. கூடியிருந்த சிறுவர்கள் கைதட்டினார்கள். நானும் மனத்துக்குள் கைதட்டிக்கொண்டேன் என்பதை மறைக்க மாட்டேன். இனி ஒன்றும் அழியாது என்று செயலாளரிடம் சொன்னேன்.

சபையோரே, இனிச் சொல்லப்போவது எனக்குச் சொல்லக் கடினமானது.

நமது மன்றத்தின் சார்பில் முதியவர் ஒருவரின் நினைவுகளை நாங்கள் பதிவு செய்தோம். அவர் இளமை முதல் நமது துறைமுகத்தில் வேலை செய்தவர். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அவருக்கு எட்டு வயது. சீனக்குடாவில் எண்ணெய்க் குதம் எரிந்த புகையையும், சனங்கள் பெட்டி படுக்கையோடு ஊரைவிட்டு நடந்ததையும் கண்ணாற் கண்டவர். பாரம் இழுக்கும்போது துறைமுகத் தொழிலாளர் பாடிய பாட்டுகளும் அவருக்கு மனப்பாடம். ஆறு மாலைகளில் பதினொரு மணி நேரம் பேசினார். அவ்வளவும் நமது கண்ணாடி அணியிலே இருந்தது.

சென்ற ஆண்டு ஓர் இரவு, இடம் நிறைந்துவிட்டதென்று, நான் என் மடிக்கணினியிலிருந்து வலையமைப்பு வழியாக வேண்டாதவற்றை அழித்தேன். ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் இருந்தன. ஒன்று மற்றதன் பிரதி என்று நினைத்தேன். பிரதியன்று. வலையமைப்பு வழியே அழித்ததனால் குப்பைத்தொட்டியிலும் அது தங்கவில்லை. அன்றிரவே புதிய ஒளிப்பதிவுகள் அந்த இடத்தின்மேல் எழுதப்பட்டன. மூன்று வாரம் கழித்து மலருக்காக அந்தப் பதிவைத் தேடியபோதே தெரிந்தது. ஓடிப்போய் அணியைக் கேட்டேன். ‘யூ’ இரண்டும் நலமாகவே நின்றன. தட்டு ஒன்றும் கெடவில்லை. நான் அழித்ததை மென்பொருள் ஒரு கணமும் தாமதியாமல், ஒரு பிழையும் இல்லாமல், இரண்டு தட்டுகளிலும் அழித்திருந்தது.

மறுநாள் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன், ஐயா, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்பதற்காக. வாசலில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. நான் ஏன் வந்தேன் என்று அவருடைய மகள் கேட்டார். அஞ்சலி செலுத்த வந்தேன் என்று சொன்னேன். உண்மையை எட்டுச் செலவு முடிந்த பின்புதான் சொல்ல முடிந்தது.

அவர் என்னைக் கோபிக்கவில்லை. கனடாவில் இருக்கும் மகனுக்கு, அப்பா கதைப்பதைக் கேள் என்று முதல் மாலைப் பதிவில் ஒரு பகுதியைத் தொலைபேசியில் அனுப்பியதாகச் சொன்னார். அது அங்கே இருந்தது. முப்பத்தெட்டு நிமிடம். எண்ணெய்க் குதம் எரிந்த கதை அதில் உண்டு. துறைமுகப் பாட்டு ஒன்றும் அதில் இல்லை.

நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். இரண்டு தட்டும், யூ.பி.எஸ்.ஸும், மின்னஞ்சலும், அலுமாரியில் மேலதிகத் தட்டும் காப்பாற்றாததை, ஒன்றும் அறியாத ஒரு மகள் தகப்பன்மேல் வைத்த பாசத்தால் அனுப்பிய ஒரு பிரதி காப்பாற்றியது. ஏன்? அது வேறோர் இடத்தில் இருந்தது. என் கை அங்கே எட்டவில்லை.

தோணியைக் கட்டும் நம்மவருக்கு இது புதிய பாடமன்று. காற்றுக் காலத்தில் தோணிக்கு இரண்டு கயிறு போடுவார்கள். ஆனால் இரண்டையும் ஒரே முளையில் கட்ட மாட்டார்கள். கயிறு அறுந்தால் மற்றக் கயிறு பிடிக்கும். முளை பிடுங்கினால் இரண்டும் ஒன்றாகப் போகும். கண்ணாடி அணி இரண்டு கயிறு. அது வேண்டும், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. தட்டு கெட்ட நாளிலும் மன்றத்தின் வேலை நிற்காமல் நடப்பதற்கு அதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் அது பிரதியாகாது. தவறான கை, கள்வன், வைரசு, தீ, வெள்ளம் என்பன முளையைப் பிடுங்குபவை.

தீயைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியுள்ள நூல்களை மீண்டும் வாங்கி அடுக்க முடிந்தது. பிரதி இல்லாதவை போனவை போனவையே. கடலைப் பற்றியும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி காலையில் அலை வந்தபோது, நமது மாவட்டத்தின் கரையோர வீடுகளில் இருந்த கலியாணப் படங்களுக்கும் பிறப்புப் பத்திரங்களுக்கும் என்ன நடந்ததென்று இந்த அவையிலே பலருக்குத் தெரியும்.

இந்த அனுபவங்களின் பின்னரே நம்மவர் சிலர் விழித்துக்கொண்டார்கள். 2005ஆம் ஆண்டில் தன்னார்வலர்கள் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தை இணையத்தில் தொடங்கினார்கள். ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், சிறப்பு மலர்கள் பல்லாயிரக்கணக்கில் அங்கே சேர்ந்துள்ளன. அதற்கு முன்பே, 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிற்சலாந்தில் வாழ்ந்த கலாநிதி கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் இலக்கியங்களை உலகெங்கும் பரவச் செய்தார். கரையானோடு போட்டியிட்டு ஏடு தேடி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் செய்ததும் இதுவே. ஓர் ஏட்டைப் பல பிரதியாக்கிப் பல வீடுகளுக்கு அனுப்பினார். அச்சு என்பது அன்று அதற்குக் கிடைத்த கருவி.

கணினி அறிஞர் இதை ஒரு சிறு சூத்திரமாகச் சொல்வர். பிரதிகள் மூன்று; அவை இருவகைப் பொருளில்; அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில். தில்லையில் இருந்தது ஓரிடப் பிரதி. திருவிடைவாயில் இருந்தது வேறிடப் பிரதி, வேறு பொருளிலும் அமைந்தது. சூத்திரம் புதியது, நியாயம் பழையது.

ஆகவே நிர்வாக சபைக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைத்து அமர்கிறேன்.

முதலாவது, கண்ணாடி அணி தொடர்ந்து இருக்கட்டும். ஆனால் அழிக்கும் உரிமை என்னையும் சேர்த்து எவருக்கும் தனியே இருக்கலாகாது. இருவர் பார்த்த பின்பே எதையும் அழிக்க வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெளித்தட்டு ஒன்றிலே பிரதி எடுத்து, கம்பியைக் கழற்றி, கடலுக்குத் தொலைவில் உயர்ந்த இடத்தில் வாழும் உறுப்பினர் ஒருவரின் வீட்டில் வைக்க வேண்டும். இரண்டு தட்டுகளை வாரம் மாறி மாறிப் பயன்படுத்தினால், ஒரு வாரம் செய்த பிழையை முந்திய வாரத் தட்டு திருத்தும். எடுத்த பிரதியைத் திறந்தும் பார்க்க வேண்டும். திறந்து பாராத பிரதி, பூட்டிய அறையில் இருந்த ஏடுதான்.

மூன்றாவது, நமது மலர்களையும், உரியவர் சம்மதித்த பதிவுகளையும் நூலகம் போன்ற இடங்களுக்குக் கொடுக்க வேண்டும். நம் சொத்து வெளியே போகலாமா என்று கேட்பாரும் உளர். கொடுத்தது நின்றது, பூட்டியது போயிற்று என்பதே என் பணிவான பதில்.

இன்னுமொன்று. இந்தக் கூட்டத்தில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருக்கிறீர்கள். துறைமுகப் பாட்டு யாருக்காவது நினைவிருந்தால், ஓரடியாயினும் சரி, கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். ஒலிப்பதிவுக் கருவியைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். இம்முறை மூன்று பிரதி எடுப்பேன்.

கோணேசப் பெருமான் திருவருள் நம் அனைவருக்கும் துணை நிற்பதாக.